குடியிருக்கும் உரிமை

பிப்ரவரி 9, ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். அங்கே அப்பா சுகமாக இருப்பதே உங்களால்தான் என்று அவரே சொல்லிவிட்டதால், உங்கள் சுகத்தைத்தான் நான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நான் யார் என்று இதற்குள் தெரிந்திருக்கும். நீங்கள் கட்டிக்கொள்ளப் போகும் அறுபத்தெட்டு வயது மாப்பிள்ளையின் மூத்த மகள். இரண்டு விமானம் மாறி வர வேண்டிய தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வாரம் அப்பா போன் செய்து, "பாப்பா, ஒரு விஷயம், நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன், சாப்பிட்டியா?" என்று ஒரே மூச்சில் சொன்னார். நானும் "சாப்பிட்டேன்ப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து யோசித்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. தம்பி குடும்பம் அதே வீட்டில் இருந்தாலும் அவர்கள் தொழிற்சாலை, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அந்தப் பெரிய சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணோடு பேசிக்கொண்டே சாப்பிடுகிறார். போன தடவை லீவுக்கு வந்தபோது பார்த்தேன். அந்தப் பெண் "வணக்கம்" என்றால் இவரும் வணக்கம் சொல்கிறார்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்றுத் தம்பி பேசினான். "அக்கா, அவங்க தங்கம்க்கா. உங்க சொத்துல எனக்குச் சல்லிக்காசு வேணாம், எழுதியே குடுத்துடறேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நம்ம கோட்டு அசந்து போயிட்டாரு" என்றான். படிக்காமல் விட்ட கேள்வி பரீட்சையில் வராமல் தப்பித்த பையன் மாதிரி அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

கோட்டு என்பவர் எங்கள் குடும்பத்தின் நிதி ஆலோசகர். அது வீட்டுக்குள் வைத்த பெயர், அவர் முன்னால் சொல்லிவிடாதீர்கள். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். அப்பாவுக்குப் பின்னால் எது யாருக்கு, வரியை எப்படிக் குறைப்பது, எந்தப் பாலிசி யார் பேரில் என்று இரண்டு வருஷமாகத் திரையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் உங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவருக்கு, நீங்களே ஒதுங்கிப் போய் நின்றது வசதியாகிவிட்டது.

எழுதிக் கொடுப்பது உங்கள் யோசனையா, இல்லை யாராவது உங்கள் காதில் போட்டதா? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். போனில் பேசலாம்தான். நீங்கள் போனை எடுக்கும்போது பக்கத்தில் அப்பா காதை நீட்டிக்கொண்டு இருப்பாரோ என்றுதான் தாளை எடுத்தேன்.

இப்படிக்கு,
பாப்பா
(வயது நாற்பத்து நாலு)


பிப்ரவரி 22

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் லேபுக்கு வந்த ரிப்போர்ட் கட்டுகளுக்கு நடுவில் கிடைத்தது. யாருடைய ரிசல்ட் என்று நினைத்துப் பிரித்தேன். ஒரு விதத்தில் என்னுடைய ரிசல்ட்தான். உங்களுக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தீர்கள். பாஸ்.

பாப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். போன் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானதுதான். இதை எழுதும்போதே உங்கள் அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருக்கிறார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் அரை மணி நேரமாக ஒரே பக்கம்.

நாங்கள் எப்படிப் பழக்கமானோம் என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நான் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஆட்களைச் சோதித்துப் பார்க்கிற டாக்டர். பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு கேட்கிறவர்களை என்னிடம் அனுப்புவார்கள். உங்கள் அப்பா வந்தது உங்களுக்காக. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையைத் துண்டு போடாமல் மகனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மகளுக்கு அவர் காலத்துக்குப் பிறகு பாலிசிப் பணம் வர வேண்டும் என்று உங்கள் கோட்டு போட்ட திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு ஆள் தேற வேண்டுமே.

அன்றைக்குத் தலைவாரி, சென்ட் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல வந்தார். "டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா சம்பிரதாயத்துக்கு" என்றார். சோதித்தேன். என்ன எழுதினேன் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. நான் எழுதியதைப் பார்த்துக் கம்பெனி "முடியாது" என்றது. ஆக, உங்கள் பங்கில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான்தான்.

மறுவாரம் சண்டைக்கு வந்தார். "எனக்கு என்ன குறைச்சல்னு இப்படி எழுதினீங்க?" என்று கேட்டார். "குறைச்சல் இல்லன்னா, லிஃப்ட்ட விட்டுட்டு இந்த மாடி ஏறினவரு ஏன் ரெண்டு இடத்துல நின்னீங்க?" என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அதற்குப் பிறகு நல்ல இதய டாக்டரிடம் அனுப்பினேன், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார், இப்போது நிற்காமல் ஏறுகிறார். ஆனால் என்னிடம் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். முறை வந்ததும் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா" என்று உட்காருவார். எங்கள் லேபில் ஒண்ணுமில்லாமல் டோக்கன் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

எழுதிக் கொடுப்பது என் யோசனைதான். யாரும் காதில் போடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அறுபத்தோரு வயதில் ஒருத்தி பணக்காரரைக் கட்டிக்கொண்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நானே பேசிவிட்டேன். உங்கள் தம்பியின் முகத்தில் அந்த நிம்மதியை நானும் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அன்புடன்,
டாக்டர்


மார்ச் 9

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

டோக்கன் கதையைப் படித்து என் வீட்டுக்காரரும் நானும் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள். அப்பா வரிசையில் நின்றாரா! வங்கி மேனேஜரையே வீட்டுக்கு வரவழைக்கிற மனிதர்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் எல்லாமே அப்பா பேரில். வீடு, தொழிற்சாலை, கார்கள், அம்மாவின் நகை இருந்த லாக்கர் உட்பட. அப்பா கஞ்சன் இல்லை, கெட்டவரும் இல்லை. அவர் கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரு தடவை சின்னம்மாவுக்கு ஆபரேஷன். பணம் அனுப்ப வேண்டும். நான் காலேஜ் லீவில் வந்திருந்தேன். தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், அம்மா சமையலறையில் தனியாக நின்று, அப்பாவிடம் கேட்க வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சிக்கு ஒரு உதவி... நீங்க தப்பா நினைக்கலன்னா..." அப்புறம் வேறு விதமாக ஒரு தடவை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கேட்டதைவிட இரண்டு மடங்கு அப்பா கொடுத்தார். ஆனால் கேட்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டுக்கு இன்னொரு பெண் வெறுங்கையோடு வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தால், அப்பா இருக்கிறவரை நீங்கள் ராணி. அப்புறம்? தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் கோட்டு பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அவனுக்கும் ஒரு கோட்டு முளைத்துவிடும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

பாலிசி இல்லை என்று ஆனதும், ஈடாக வீட்டை எனக்கு எழுதுவதாக ஏற்பாடு. ஆக, அந்த வீடு நாளைக்கு என்னுடையது. அதனால் இதைச் சொல்ல எனக்குத்தான் முதல் உரிமை. அதே பத்திரத்தில் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லப் போகிறேன். "உயிருள்ளவரை இவர் இங்கே குடியிருக்கலாம். இவரைப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, இவரைக் கேட்காமல் விற்கவும் உரிமை இல்லை." கீழே தோட்டத்தைப் பார்த்த அறை உங்களுக்கு. காலையில் நல்ல வெளிச்சம் வரும். அதோடு உங்கள் பேரில் தனியாக ஒரு தொகையும் போடச் சொல்வேன். உங்கள் காரின் இடது பக்கக் கதவு திறப்பதில்லையாமே, தம்பி சொல்லி வருத்தப்பட்டான். அந்தக் கதவைச் சரிசெய்யக்கூட நீங்கள் சமையலறையில் நின்று வாக்கியம் தயாரிக்கக் கூடாது.

எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள். என் மேல் ஆணை என்று எழுத ஆசை, ஆனால் நாம் இன்னும் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. என்னை "நீ" என்றே எழுதுங்கள், வயதில் சின்னவள்தானே.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 20

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்தேன். பிறகு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் இல்லை.

நீளமாகப் பதில் எழுத முடியவில்லை. இரண்டு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். உங்கள் அம்மா நின்ற அந்தச் சமையலறை கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த அறைக்கு நன்றி. காலை வெளிச்சத்துக்கும் நன்றி. இந்த வார்த்தைகளை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

அப்பா நலம். எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. டீயில் சர்க்கரையை விட்டுவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்கிறார். பிஸ்கட்டை விடவில்லை என்பதை நான் சொல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை ஆலோசகரின் அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. உங்கள் அப்பா, தம்பி, நான். அங்கே என்ன செய்வது என்று எனக்குள் ஒரு முடிவு இருக்கிறது. அது நடந்த பிறகு எழுதுகிறேன். காரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வலது பக்கக் கதவு நன்றாகத் திறக்கிறது. நான் அந்தப் பக்கம்தான் உட்காருகிறேன்.

"நீ" என்பது தானாக வரட்டும், டீச்சர். இழுத்து வந்தால் வரக்கூடியது இல்லை அது.

அன்புடன்,
டாக்டர்


ஏப்ரல் 1

டாக்டர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் தம்பி போன் செய்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நாங்க மூணு பேரும் ஒரு பக்கம், அவங்க எதிர்ல தனியா. கோட்டு பத்திரத்த நீட்டுனாரு. அவங்க கண்ணாடி போட்டுப் படிச்சாங்க, ரெண்டு இடத்துல வார்த்தைய மாத்தச் சொன்னாங்க. சரின்னு மாத்துனோம். பேனாவ எடுத்தாங்க. அப்புறம், 'இன்னொரு பத்திரம் எங்க?'ன்னாங்க. எந்தப் பத்திரம்னு கேட்டாரு கோட்டு. 'என் சொத்துல இவருக்கும் இவர் பிள்ளைங்களுக்கும் உரிமை இல்லன்னு இவர் போடுற கையெழுத்து. அது எங்க?'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுக்கா. அந்தக் கார நினைச்சுக்கிட்டேன். 'உங்ககிட்ட என்னம்மா இருக்கு'ன்னு கேட்டுட்டேன். அந்த லேப் அவங்களோடதாம். கட்டடத்தோட. அது பரவாயில்ல. நமக்குக் கடன் குடுத்திருக்கே பேங்க், அந்தக் கட்டடமும் அவங்களோடது. நம்ம பேங்க்கே அவங்ககிட்ட வாடகைக்கு இருக்கு! இன்னும் ரெண்டு இடம் இருக்காம். பிள்ளைங்க இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க முதல்ல போனா எல்லாம் அப்பாவுக்கு, அப்பாவுக்குப் பின்னாடி நமக்குன்னு கோட்டே வாயால ஒத்துக்கிட்டாரு. அப்புறம் அவரு கோட்ட கழட்டிட்டாருக்கா! சட்டை முதுகெல்லாம் வேர்வை."

தம்பி சிரித்துச் சிரித்துச் சொன்னான். அப்பாவும் பக்கத்தில் சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் இருப்பதை யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆலோசகரும் தம்பியும் கேட்காதது அவர்கள் மடமை. ஆனால் நான் உங்களுக்கு எழுதியது வேறு இல்லையா? என் அம்மாவைப் பற்றி எழுதினேன். உங்களுக்கு ஒரு அறை கொடுக்கிறேன், காரின் கதவைச் சரிசெய்யப் பணம் போடுகிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். அப்போதாவது எனக்கு மட்டும் ஒரு வரி சொல்லியிருக்கலாமே. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நான் பாவம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களே.

கல்யாணத்தில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
அவருடைய மகள்


ஏப்ரல் 11

அன்புள்ள டீச்சர்,

உன் கோபம் நியாயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பியும் ஆலோசகரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. அது எனக்கு ஒரு வேடிக்கையாகவே இருந்தது. இரண்டு மாதமாக மூன்று ஆண்கள் உட்கார்ந்து, நான் எதை எடுத்துக்கொண்டு போவேன் என்று கணக்குப் பார்த்தார்கள். எதைக் கொண்டு வருவேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பணம் இருந்தால் அது காரில் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கும் பயம் உண்டு என்பதும், என் லேபில் வேலை பார்க்கிறவர்கள் நாளைக்கு யாரிடம் போய் நிற்பார்கள் என்று நானும் யோசிப்பேன் என்பதும் அவர்கள் படத்தில் இல்லை. அதை வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். உங்கள் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வேறு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து எல்லோரும் என்னிடம் வாங்க வருகிறவர்கள்தான். தங்கை, தங்கையின் பிள்ளைகள், லேபில் இருப்பவர்கள், வாடகையைக் குறைக்கச் சொல்லி பேங்க் மேனேஜர். கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "இவளுக்கென்ன" என்று ஒரே வார்த்தை. அப்படி இருக்கும்போது, முகம் தெரியாத ஒரு பெண், காலையில் வெளிச்சம் வருகிற ஒரு அறையைத் தன் பங்கிலிருந்து எனக்குக் கொடுக்கிறேன் என்று எழுதுகிறாள். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, டீச்சர். "எனக்கு அது தேவையில்லை, என்னிடம் நிறைய இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அறை போயிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. அவ்வளவுதான் என் குற்றம்.

நீ பாவம் பார்த்தாய் என்று நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. உடம்பு கூச வேண்டாம்.

இப்போது ஒரு செய்தி. உங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து, கீழே உள்ள அறைகளுக்கும் வாசலில் பெரிய படிகள். அந்த இதயத்துக்கு அது ஆகாது. என் வீடு லேபின் மேலே. நோயாளிகளுக்காக வைத்த லிஃப்ட் இருக்கிறது. அதனால் நான் அங்கே வரப்போவதில்லை, உங்கள் அப்பா இங்கே வருகிறார். அவர் ஒத்துக்கொண்டார். உன் தம்பியின் முகம் போன போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு பத்திரத்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பதில் எழுது. எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அன்புடன்,
டாக்டர்


ஏப்ரல் 27

அன்புள்ள டாக்டர் அம்மா,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த சயின்ஸ் டீச்சர், "என்ன, கெட்ட செய்தியா?" என்று கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இல்ல, எங்க வீட்டுல கல்யாணம்" என்றேன்.

என் கோபம் அன்றைக்கே போய்விட்டது. நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், பாவம் பார்ப்பதில் எனக்கும் ஒரு சுகம் இருந்தது. போகட்டும். தோட்டத்தைப் பார்த்த அறையை உங்களுக்கென்றே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். வந்து ஒரு நாள் தூங்கிவிட்டுப் போங்கள்.

அப்பா போன் செய்தார். "பாப்பா, நான் வீட்டோட மாப்பிள்ளையாப் போறேன்" என்றார். "இந்த வயசுலயாப்பா?" என்றேன். "இப்பத்தான் ஒருத்தங்க கூப்பிட்டாங்க" என்றார். தம்பி ஊரில் தலைகாட்ட முடியாது என்கிறானாம். அவன் தலை இப்போது மட்டும் ரொம்பத் தெரிகிறதாக்கும்.

பொதுத் தேர்வு நேரம் என்பதால் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. எனக்காகத் தள்ளிப் போடாதீர்கள். லீவில் வந்து பார்க்கிறேன்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. தொழிற்சாலை தம்பிக்கு, வீடு எனக்கு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கைச்செலவுக்குக் கொஞ்சம் பேங்கில் வைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கொஞ்சமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நானும் கோட்டும் சேர்ந்து சொன்னதே பெரிய அதிசயம். ஆனால் என் பயம் பணத்தைப் பற்றி இல்லை. அவர் பிறந்ததிலிருந்து தன் பேரில் இல்லாத வீட்டில் தூங்கியதில்லை. கொடுத்தே பழகியவர். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றால்கூட அடுத்தவர் வீட்டில் கேட்கத் தெரியாது. உங்கள் வீட்டிலும் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பாப்பா


ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள டீச்சர்,

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் சீக்கிரமாக முடிந்தது. முத்திரை வைக்கிற அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பொண்ணு மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டாள். உன் அப்பா கையைத் தூக்கினார். உன் தம்பிதான் சாட்சிக் கையெழுத்து. போட்டுவிட்டு, என் காலைத் தொட வந்தவன் பாதி வழியில் கூச்சப்பட்டு என் கைப்பையை எடுத்துக் கொடுத்தான். எனக்கு அவனை அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துவிட்டது. ஆலோசகரும் வந்திருந்தார், கோட்டோடு.

நீ பயந்தது சரியாகப் போயிற்று. உன் அப்பா தன் துணிமணி, செருப்பு, ரேடியோ எல்லாவற்றையும் உங்கள் தொழிற்சாலை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்தார். அலமாரியில் பாதியை நான் காலி செய்து வைத்திருந்தேன். அவர் அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. பெட்டிகள் சுவர் ஓரமாக அடுக்கியது அடுக்கியபடி. காலையில் ஒன்றைத் திறந்து சட்டையை எடுப்பார், மறுபடி மூடி வைப்பார். மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால் "போடலாமா?" என்று கேட்பார். டீ கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். நான் ஏதாவது சொன்னால், "பரவாயில்ல, இதுவே போதும்" என்பார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதக் கடைசியில் நான் என் உயிலை எழுதினேன். லேபும் அதன் கட்டடமும் தங்கை மகளுக்கு, அவளும் டாக்டர்தான். மற்றதெல்லாம் இங்கே முக்கியமில்லை. அதில் ஒரு வாசகம் சேர்த்தேன். நான் முதலில் போனால், மேலே உள்ள இந்த வீட்டில் உன் அப்பா உயிருள்ளவரை குடியிருக்கலாம், அவரைப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அவரைக் கேட்காமல் விற்கவும் உரிமை இல்லை. தங்கை மகளிடம் படித்துக் காட்டினேன். "நான் என்ன பெரியப்பாவத் துரத்தவா போறேன்?" என்று கோபித்துக்கொண்டாள். துரத்த மாட்டாள். ஆனால் மாட்டாள் என்று நம்பி இருப்பது வேறு, முடியாது என்று தெரிந்து இருப்பது வேறு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான்.

நேற்றுக் காலை அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். முதலில் வியாபாரி மாதிரி வேகமாகப் படித்தார். பிறகு அந்த வாசகத்துக்குத் திரும்பி வந்து மெதுவாகப் படித்தார்.

"இத யாரு எழுதச் சொன்னது?" என்று கேட்டார்.

"உங்க பொண்ணு. எனக்காக எழுதினா. நான் ஆள மட்டும் மாத்திட்டேன்" என்றேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்திலிருந்து அந்த வரிகளை மட்டும் காட்டினேன். சமையலறையைப் பற்றி எழுதியதைக் காட்டவில்லை. அது உனக்கும் எனக்கும் நடுவில். ஆனால் அவர் தானாகவே கேட்டார். "அவங்க அம்மாவுக்கு நான் இப்படி ஒரு வரி எழுதல, இல்ல?" இல்லை என்றுதான் நானும் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கீழே லேபுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் மேலே வந்தால் சுவர் ஓரம் காலியாக இருக்கிறது. அலமாரி நிறைந்திருக்கிறது, என் பாதியிலும் அவருடைய இரண்டு சட்டை. அவ்வளவு பெட்டிகளையும் பிரித்து, தட்டையாக்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். "கீழ லேபுக்குக் குடுத்துடு, நல்ல அட்டை" என்றார். அப்புறம் உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார். "இந்த ஃபேன் என்ன இப்படிக் கத்துது? இத்தன நாளா எப்படி இத வெச்சுக்கிட்டு இருக்கே? ஜன்னல் கதவு மூட மாட்டேங்குது. ஒரு டீ கிடைக்குமா கிடைக்காதா இந்த வீட்டுல?"

டீ போட்டுக் கொடுத்தேன். சூடு போதாது என்றார். எனக்கு உடனே உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தது.

நிம்மதியாகத் தூங்கு. லீவுக்கு வரும்போது பிள்ளைகளையும் அழைத்து வா. தாத்தாவின் வீடு லிஃப்டில் இரண்டாவது மாடி.

அன்புடன்,
உன் டாக்டர்